சனிக்கிழமை இறால்

சைவக் குடும்பத்தில் பிறந்து, வாழ்நாளில் ஓர் இறாலைக்கூட வாயில் வைக்காத நான், வேலைக்காலம் முழுவதும் இறாலைச் சூடாக்கிச் சம்பளம் வாங்கினேன். இப்போது சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள். அப்போது வெளியே சொல்ல முடியாது, அம்மா உயிரோடு இருந்தார். மகன் ‘தண்ணி ஆபீசில்’ இருக்கிறான் என்றுதான் கோயிலில் பார்ப்பவர்களிடமெல்லாம் அவர் சொல்லிவந்தார். அது பொய்யில்லை. தண்ணீரும் இருந்தது.

போன மாதம் திவ்யா போன் செய்யாமல் இருந்திருந்தால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். திவ்யா, மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள எங்கள் ஆய்வு நிலையத்தின் இப்போதைய அதிகாரி. நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்தவர்.

“அங்கிள், பாலிக் புலாவ்ல ஒரு ஐஸ் பேக்டரி இருக்குல்ல? புது மேனேஜ்மென்ட் வந்திருக்கு. சனிக்கெழம காலைல மெஷின எல்லாம் ஒண்ணொண்ணா, நடுவுல கேப் விட்டுத்தான் போடணும்னு அங்க ஒரு பழக்கமாம். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியல. பழைய மேனேஜரோட சாமி விஷயம்னு சொல்றாங்க. இனிமே எல்லாத்தையும் ஒரே நேரத்துல போடப் போறாங்களாம். நமக்கு ஆட்சேபம் இல்லன்னு நான் சைன் பண்ணணும். பைல்ல தண்ணிச் சூடு எல்லாம் ஓகேன்னுதான் இருக்கு. இது மூடநம்பிக்கைதானே லா?”

“இப்ப சைன் பண்ணாதம்மா. கத கொஞ்சம் பெருசு” என்றேன்.

போனில் பாதிதான் சொன்னேன். மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் அந்த வேலைக்குத் தேர்வானது படிப்பால் இல்லை. ஐந்தாம் படிவத்தில் அறிவியலில் சுமாருக்கும் கீழே. நேர்முகத்துக்குப் போனபோது வெளியே ஏழெட்டுப் பேர் கையில் சான்றிதழோடு உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே இருந்தவர் டாக்டர் ஃபிலோமினா. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கத்தோலிக்கர், நிலையத்தின் தலைவர், பருத்திச் சேலையும் ரப்பர் பூட்ஸும் ஒன்றாகப் போடக்கூடியவர். என் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

“இறால் சாப்பிடுவியா?”

“இல்ல டாக்டர். நாங்க சைவம்.”

“நெஜமாவா? வெளிய போனாலும்?”

“முட்டகூட இல்ல டாக்டர்.”

“திங்கக்கெழம வந்துரு.”

எனக்கு முன்னால் இருந்த உதவியாளர் நல்ல உழைப்பாளி என்று பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் அவர் காலத்தில் சோதனை முடிந்த இறால்களின் எண்ணிக்கை அடிக்கடி குறைந்தது. குறைந்த நாளிலெல்லாம் பின்கட்டுச் சமையலறையில் காரமான இறால் சம்பல் வாசம் வந்தது. அறிவியலை அதன் தீனிக்காரர்களிடமிருந்து காப்பாற்ற ஒரு சைவன் தேவைப்பட்டான். அந்தத் தகுதி என்னிடம் குறையில்லாமல் இருந்தது.

முதல் இரண்டு வருடம் வாளி கழுவினேன். அதற்குப் பயிற்சி என்று பெயர்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொழிற்சாலைகள் ஆற்றிலிருந்து நீர் எடுத்து இயந்திரங்களைக் குளிர்விக்கும். அதே நீர் சூடாகி ஆற்றுக்குத் திரும்பும். பார்க்கத் தெளிவாக இருக்கும், நாற்றமும் இருக்காது, ஆகவே யாரும் அதை அழுக்கு என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சூட்டை ஆற்றில் இருக்கும் நண்டும் இறாலும் எதுவரை தாங்கும் என்று பார்ப்பதுதான் டாக்டரின் துறை.

பார்க்கும் விதம் இது. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து மருந்து வாடை போனபின் கண்ணாடித் தொட்டியில் ஊற்ற வேண்டும். தொட்டிக்குள் தடுப்பு வைத்து ஓர் அறைக்கு ஓர் இறால். சேர்த்து விட்டால் ஒன்றையொன்று தின்னும். புதிதாகத் தோல் கழற்றியது கூடாது, வயிறு நிறைந்ததும் கூடாது. பிறகு காற்றுக் குமிழி விட்டபடி நீரைச் சூடேற்ற வேண்டும், மிக மெதுவாக, இறாலுக்குச் சந்தேகம் வராத அளவுக்கு. முதலில் அதன் மீசை நிற்காமல் அலையும். பிறகு அறைக்குள் வேக வேகமாக நடக்கும். அப்புறம் வாலைச் சொடுக்கும். கடைசியில் ஒரு பக்கமாகச் சாயும், நிமிரும், மறுபடி சாயும். கண்ணாடிக் குச்சியால் லேசாகத் தொட்டும் நிமிர முடியவில்லை என்றால் அந்தக் கணத்துச் சூட்டைக் குறித்துக்கொண்டு, உடனே எடுத்துக் குளிர்ந்த நீரில் விட வேண்டும். மறுநாள் அது எழுந்து நடந்தால்தான் கணக்கில் சேரும்.

இதற்குப் பெயர் கவிழ்வு. சாவு இல்லை. தொடாமல் பார்த்து “செத்துருச்சு” என்று சொன்னவர்களை டாக்டர் அறையை விட்டு வெளியே அனுப்பியிருக்கிறார். ஒருமுறை அப்படி வெளியே போனது தலைமையகத்திலிருந்து வந்த துணை இயக்குநர். திரும்ப உள்ளே வர அவர் அனுமதி கேட்டார்.

டாக்டருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. மனிதர்கள் எல்லோரையும் ‘நீ’ என்பார். இறாலை மட்டும் ‘அவங்க’ என்பார். “வேலு, நீ தள்ளி நில்லு, அவங்க மேல ஒன் நெழல் விழுது.” “அவங்கள வெறுங்கையால தொடாத. ஒன் கை அவங்களுக்குச் சூடு. மொதல்ல தண்ணில நனச்சுக்க.” புதிதாக வந்தவர்கள் வேடிக்கையாக நினைப்பார்கள். ஒரு வருடம் போனால் அவர்களும் அப்படியே பேசுவார்கள். வீட்டில் நான் ஒருமுறை மீன்தொட்டியைப் பார்த்து “அவங்க சாப்ட்டாங்களா?” என்று கேட்க, விருந்தாளி யாரோ வந்திருப்பதாக என் மனைவி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

இனி ஐஸ் தொழிற்சாலை.

அது பாலிக் புலாவில் ஒரு சிற்றாற்றின் கரையில் இருந்தது. பெயர் வேண்டாம். கடலுக்குப் போகும் படகுகளுக்கெல்லாம் அங்கிருந்துதான் ஐஸ் கட்டி போகும். ஐஸ் செய்வதென்றால் தண்ணீரிலிருந்து சூட்டை எடுக்க வேண்டும். எடுத்த சூட்டை எங்கேயாவது போட வேண்டும். அவர்கள் ஆற்றில் போட்டார்கள். இப்படி, ஊருக்கே குளிர்ச்சி கொடுக்கும் ஒரு தொழிற்சாலை ஆற்றைக் கொதிக்க வைப்பதாகப் புகார் வந்தது.

புகார் கொடுத்தவர் செசிலியக்கா. என்னைவிடச் சில வயது மூத்தவர். பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துக் கண் கெட்டு, வேலையை முன்கூட்டியே விட்டவர். கணவர் தவறிவிட்டார். கைக்கு வந்த சேமநிதி முழுவதையும் வீட்டுக்குப் பின்னால் நான்கு சிமெண்டுத் தொட்டிகளாக மாற்றினார். ஆற்றிலிருந்து குழாய் போட்டு, உடாங் காலா எனப்படும் நீலக்கை ஆற்று இறாலை வளர்த்து உணவகங்களுக்கு விற்றார். அவருடைய குழாயின் வாய் இருந்தது தொழிற்சாலைக்குக் கீழே. தொட்டி போனால் அவர் மறுபடி தொழிற்சாலைப் பஸ் ஏற வேண்டும். இந்தக் கண்ணுக்கு இனி நுண்ணோக்கி கிடையாது, கேண்டீனில் தட்டுக் கழுவும் வேலைதான் கிடைக்கும். இதை அவரே எங்களிடம் சொன்னார், அழாமல், கோபத்தோடு.

முதல் கூட்டம் தொழிற்சாலை அலுவலகத்தில் நடந்தது. மேனேஜர் குணசேகரன் எங்களுக்கு வடையும் டீயும் வைத்திருந்தார். நல்ல மனிதர். நெற்றியில் திருநீறு, விரலில் நீலக்கல் மோதிரம், மேசைக்குப் பின்னால் ஒன்பது கிரகங்களும் வரிசையாக நிற்கும் படம். செசிலியக்கா எழுந்து சொன்னார்:

“சனிக்கெழம சனிக்கெழமதான் சாகுது. மத்த நாள்ல ஒண்ணும் ஆகுறதில்ல.”

குணசேகரன் பரிவோடு தலையசைத்தார். “அக்கா, ஒங்களுக்குச் சனி நடக்குது. எனக்கும் இப்ப ஏழரதான். நான் படுறபாடு எனக்குத்தான் தெரியும். சனிக்கெழம எள் வெளக்குப் போடுங்க. எங்க தண்ணி மேல ஏன் லா பழி?”

மேசையைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலும் தமிழர்கள். எல்லோரும் சிரித்தோம். சனி என்ற சொல் காதில் விழுந்ததும் கிழமை போய்விட்டது, கிரகம் வந்துவிட்டது. புகாரின் சாரத்தைக் குறித்துக்கொண்டிருந்த எழுத்தரும் பேனாவை மூடிவிட்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் அவரும் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் கவனம் வேறெங்கோ இருந்தது. திரும்பி வந்ததும், வழக்கு முடியும்வரை தன் காப்பியில் ஐஸ் போட வேண்டாம் என்று கேண்டீன்காரரிடம் சொல்லிவிட்டார். சார்பு இருக்கக்கூடாதாம். பினாங்கு வெயிலில் அது சாதாரணத் தியாகம் இல்லை.

சோதனைக்கு இறால் வேண்டும். குணசேகரன் சிரமம் பார்க்காமல் தன் ஆட்களை விட்டே பிடித்து அனுப்பினார். அந்த இறால்களைப் போல் நான் கண்டதில்லை. நீர் சூடேறச் சூடேற அவை சாவகாசமாக நடந்தன. நாங்கள் வியர்த்தோம், அவை வியர்க்கவில்லை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“வேலு, இவங்கள எங்க புடிச்சாங்க?”

“ஆத்துல டாக்டர்.”

“ஆத்துல எங்க?”

“பேக்டரி வெளிய விடுற கொழா வாயிலயே.”

“அப்ப இவங்க சாட்சி இல்ல. பேக்டரி ஸ்டாஃப்.”

விஷயம் அதுதான். சுடுநீர் விழும் இடத்தில் வாழ முடியாதவை எப்போதோ செத்திருக்கும், இல்லை ஓடியிருக்கும். மிச்சம் இருப்பவை அந்தச் சூட்டுக்கே பழகிப்போனவை. அவற்றைப் பிடித்துவந்து, சூடு எப்படி இருக்கிறது என்று கேட்டால் சௌகரியம் என்றுதான் சொல்லும்.

பிறகு நானே தொழிற்சாலைக்கு மேலே, நிழல் விழும் குளிர்ந்த பகுதியில் இறங்கிப் பிடித்துவந்தேன். அவையும் அந்த ஆற்றில் நாங்கள் அளந்த சூட்டைத் தாண்டி நடந்துபோயின. வாரக்கணக்கில் ஆற்று நீரை அளந்து சராசரி போட்டோம். அதுவும் அரசு விதித்த வரம்புக்குள் இருந்தது. எல்லா விதத்திலும் செசிலியக்காவின் இறால்கள் உயிரோடு இருக்க வேண்டும். அவை மட்டும் அதைப் படிக்கவில்லை.

இரண்டாவது கூட்டத்தில் குணசேகரன் இன்னும் பெரிய வடை வைத்திருந்தார். “நான் அன்னிக்கே சொன்னேன்ல அக்கா, அது சனி.”

செசிலியக்கா எழுந்தார்.

“தம்பி, நான் மாதா கோயிலுக்குப் போறவ. எனக்குச் சனி கெடையாது. எனக்குச் சனிக்கெழமதான் இருக்கு.”

டாக்டர் தன் பையை மூடிக்கொண்டு எழுந்தார்.

மலைச்சாலையில் காரை அவர்தான் ஓட்டினார். மூன்றாவது வளைவில் கேட்டார்.

“வேலு, அந்தம்மா புதன்கெழம சாகுதுன்னு சொல்லியிருந்தா நீ என்ன கேட்டிருப்ப?”

“புதன்கெழம அங்க என்ன நடக்குதுன்னு கேட்டிருப்பேன்.”

“சனிக்கெழம ஏன் கேக்கல?”

அடுத்த வளைவில் அவரே சொன்னார். “நானுந்தான் கேக்கல. இவ்வளவு நாளும் ஆத்த அளந்தோமே, என்னிக்குப் போனோம்?”

திங்கள், புதன். சில நேரம் செவ்வாய். எங்கள் நிலையத்துக்கு வாரத்தில் ஐந்து நாள்தான் வேலை. சனிக்கிழமை பூட்டு. அந்தத் தொட்டியில் சாவு விழுவது அரசாங்கம் ஓய்வெடுக்கும் நாளில். விடுமுறை நாளில் வேலை பார்க்க மேலிடத்து அனுமதி வேண்டும், அனுமதி கேட்கக் காரணம் வேண்டும். காரணம் என்று எழுத எங்களிடம் இருந்தது சனி ஒன்றுதான்.

டாக்டர் அனுமதி கேட்கவில்லை. அந்தச் சனிக்கிழமை பசாருக்குப் போகும் கூடையோடு தன் காரில் வந்து என்னை ஏற்றிக்கொண்டார். கூடைக்குள் வெப்பமானிகள் இருந்தன.

விடியும் முன்பே செசிலியக்காவின் தொட்டிகளருகே நின்றோம். நீரில் கை வைத்தேன், ஜில்லென்று இருந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை நாள், அந்தக் கரையோரத்து மலாய் மீனவர்கள் கடலுக்குப் போவதில்லை. படகு போகாவிட்டால் ஐஸ் விற்காது. அதனால் வியாழன் இரவோடு தொழிற்சாலை ஓய்ந்துவிடும். வெள்ளி முழுவதும் ஆறு மலையிலிருந்து வந்த குளிர்ச்சியோடு அப்படியே ஓடும். சனிக்கிழமை எல்லாப் படகும் ஒன்றாகக் கிளம்பும். எல்லோருக்கும் ஐஸ் வேண்டும்.

ஆற்றின் மேல்பக்கம் திடீரென்று உறுமல் கேட்டது. எல்லா இயந்திரமும் ஒரே மூச்சில் ஓடத் தொடங்கின. சற்று நேரத்தில் குழாய் வழியே வந்த நீர் வேறு நீராக இருந்தது. வெப்பமானியில் பாதரசம் ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. இறால்கள் அலையவும் இல்லை, நடக்கவும் இல்லை, நாங்கள் வரிசையாக எழுதிவைத்திருந்த எந்தப் படியையும் மதிக்கவில்லை. நேரே சிமெண்டுச் சுவரில் ஏறப் பார்த்தன. வாலைச் சொடுக்கி வெளியே குதித்தன. செசிலியக்கா ஓடி ஓடித் தரையில் கிடந்ததைப் பொறுக்கித் திரும்ப அதே தொட்டிக்குள் போட்டார். வேறெங்கே போடுவார்? வருடக்கணக்கில் இறாலைக் கவிழ வைத்தவன் நான். ஆனால் கவிழ்ந்த உடனே எடுத்துக் குளிர்நீரில் விட்டவன். அங்கே விடுவதற்குக் குளிர்நீர் இல்லை.

டாக்டர் தன் கையை வாளி நீரில் நனைத்துக்கொண்டு, குனிந்து, செசிலியக்காவோடு சேர்ந்து பொறுக்கினார்.

திங்கட்கிழமை சோதனை முறையை மாற்றினோம். மெதுவாகச் சூடேற்றுவதை விட்டுவிட்டு, குளிர்ந்த நீரில் இருந்த இறாலை எடுத்து, சனிக்கிழமை அளந்த சூட்டில் இருந்த நீரில் நேராக விட்டோம். போன மாதம் நடந்தே தாண்டிய அதே சூடு. இப்போது கவிழ்ந்தன. பல மறுநாள் எழவில்லை.

“நாம அவங்ககிட்ட இவ்வளவு நாளா மரியாதையா கேட்டோம்” என்றார் டாக்டர். “கொஞ்சம் ஏத்தட்டுமா, இன்னும் கொஞ்சம் ஏத்தட்டுமான்னு. பேக்டரி கேக்குறதில்ல.”

அறிக்கை எழுதினார். சனிக்கிழமை இயந்திரங்களை இடைவெளி விட்டு ஒவ்வொன்றாக ஓட்டினால் நீர் மெதுவாகச் சூடாகும், இறால் தாங்கிக்கொள்ளும் என்பதுதான் பரிந்துரை. அவ்வளவு எளிது. குணசேகரன் பணிவோடு வாங்கி, பணிவோடு படித்து, பணிவோடு மறுத்தார். படகுக்காரர்கள் காத்திருக்க மாட்டார்கள், முதலாளி தவுக்கே ஒத்துக்கொள்ள மாட்டார், மேலும் வாரச் சராசரி வரம்புக்குள் இருக்கிறது. அந்தச் சராசரியை வரம்புக்குள் வைத்ததே வெள்ளிக்கிழமைக் குளிர்ச்சிதான். இறாலைக் கொன்ற ஓய்வுநாளே தொழிற்சாலையையும் காப்பாற்றியது. மேலிடமும் சராசரியைத்தான் படித்தது. கோப்பின் முதல் பக்கத்தில் அதுதான் ஏறியது. அன்று ஐஸ் இல்லாத காப்பி டாக்டர் மேசையில் ஆறிக் கிடந்தது.

சில நாள் கழித்து செசிலியக்கா நிலையத்துக்கு வந்தார். டாக்டரைப் பார்க்க இல்லை, என்னை.

“தம்பி, ஒங்க சாமி கத எனக்குத் தெரியாது. சனி புடிச்சா யாரு பரிகாரம் செய்யணும்? கஷ்டப்படுறவங்களா, கஷ்டம் எங்கேருந்து வருதோ அவங்களா?”

“அது யாருக்குப் பிடிச்சிருக்குங்கிறதப் பொறுத்ததுக்கா.”

“நாளைக்கு எங்கூட வா.”

மறுநாள் குணசேகரன் அறையில் அவர் உட்காரவில்லை. “தம்பி, நீங்க சொன்னமாரி எள் வெளக்குப் போட்டாச்சு. பக்கத்து வீட்டுப் புள்ளய அனுப்பித்தான் போட்டேன், பாதருக்குத் தெரிய வேணாம். மூணு வாரம் போட்டேன். அப்பவும் சாகுது. அப்ப சனி எங்கிட்ட இல்ல. பைப்புல வருது. இங்கேருந்து வருது.”

குணசேகரன் முகம் மாறியது. அந்த வருடம் அவருக்குக் கார் இரண்டு தடவை மோதியிருந்தது, குளிர்விக்கும் குழாய் வெடித்திருந்தது, மகளுடைய சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. அவர் நீலக்கல் மோதிரத்தைத் திருகிக்கொண்டே என்னைப் பார்த்தார்.

“அண்ணே, நீங்க முட்டகூடத் தொடாதவரு. நீங்க சொல்லுங்க. அப்படி இருக்குமா?”

அறிவியல் உதவியாளராக அத்தனை வருடம் இருந்து, என் கருத்தை ஒருவர் கேட்டது அதுதான் முதல் தடவை. அதுவும் என் அறிவியலுக்காக இல்லை.

பொய் சொல்லத் தேவையே இருக்கவில்லை. நமக்கெல்லாம் தெரிந்ததுதானே. “சனி மெதுவா நடக்கிறவரு. மந்தன்னே அவருக்குப் பேரு. அவரு கெழமைல அவசரப்பட்டா அவருக்குப் பிடிக்காதுன்னு சொல்லுவாங்க. விடியறதுக்கு முந்தியே எழுந்து, ஒண்ண மட்டும் போட்டு, கொஞ்சம் பொறுத்து அடுத்தது, அப்புறம் அடுத்தது. நிதானமா செஞ்சா நல்லது.”

“கடைசியா எத போடணும்?”

“பெருச” என்றேன். அதுதான் அதிகச் சூடு விட்டது.

அடுத்த சனிக்கிழமை விடியும் முன் அவரே வந்து முதல் இயந்திரத்தைப் போட்டார். அறைக்குப் போய் விளக்கேற்றி ஒன்பது கிரகங்களையும் கும்பிட்டார். திரும்பி வந்து இரண்டாவதைப் போட்டார். படகுக்காரர்கள் ஒருவரும் குறை சொல்லவில்லை, முன்னதாகவே தொடங்கியதால் ஐஸ் நேரத்துக்குக் கிடைத்தது. செசிலியக்காவின் தொட்டியில் எதுவும் குதிக்கவில்லை. அந்த வாரமும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. குணசேகரன் மகளுக்கும் சம்பந்தம் அமைந்தது, அதற்கு எங்கள் நிலையம் பொறுப்பில்லை.

டாக்டரிடம் எப்படிச் சொல்வதென்று பயந்துகொண்டேதான் சொன்னேன். முழுவதும் கேட்டார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

“என்ன காரணத்துக்கு மெதுவா போட்டா என்ன, அவங்களுக்கு எல்லாம் ஒண்ணுதான்” என்றார். பிறகு கேண்டீனுக்குக் குரல் கொடுத்தார். “காப்பில ஐஸ் போடு. நெறய போடு.”

அவர் இப்போது இல்லை. அடக்கத்தன்று செசிலியக்காவும் வந்திருந்தார், நானும் போயிருந்தேன். எங்களைத் தவிர அங்கே வந்திருந்த படித்தவர்கள் எல்லோரும் அவருடைய கட்டுரைகளைப் பற்றிப் பேசினார்கள். ஐஸ் தொழிற்சாலை எந்தக் கட்டுரையிலும் இல்லை.

இதைத்தான் திவ்யாவிடம் சொன்னேன்.

“அப்ப அறிவியலா செஞ்சத சாமின்னு சொல்லி வெச்சீங்க. இப்ப சாமின்னு சொல்லி எடுக்கப் போறாங்க.”

“ஆமாம்மா.”

“எடுக்க நாந்தான் சைன் பண்ணணும்.”

“ஆமாம்மா.”

திவ்யா கோபமாகத்தான் போனை வைத்தார். கோபம் நியாயம். ஆனால் வைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. செசிலியக்காவிடம் இறால் வாங்கிவந்து, குளிர்நீரிலிருந்து சூட்டுக்கு நேராக விட்டுப் பார்த்திருக்கிறார். மறுநாள் சாயங்காலம் மறுபடி கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

“அங்கிள், கவிழ்ந்துட்டாங்க.”

கவிழ்ந்துவிட்டது என்று சொல்லவில்லை. டாக்டரை அவர் பார்த்ததே கிடையாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சளி என்று சொல்லிச் சமாளித்தேன்.

அவர் கையெழுத்துப் போடவில்லை. முடிவை எழுதிப் புதிய மேனேஜருக்கு அனுப்பினார். பதில் வரவில்லை. எல்லா இயந்திரமும் ஒன்றாக ஓடப்போவதாகச் சொன்ன அந்தச் சனிக்கிழமை வந்துவிட்டது. விடியும் முன் நான் செசிலியக்காவின் தொட்டியருகே போய் நின்றேன். அவருக்கு இப்போது கண் இன்னும் மங்கல். ஒரு கையை வாளி நீரில் நனைத்து, அதைத் தொட்டிக்குள் வைத்திருந்தார். இன்னொரு கையில் ஜெபமாலை.

“ஒரு மெஷின் ஓடினதும் நான் மாலைய ஆரம்பிப்பேன்” என்றார். “முடியறவரைக்கும் அடுத்தது ஓடக்கூடாது. அத்தன வருசமா அதான் என் கணக்கு.”

குணசேகரன் ஓய்வு பெற்ற பிறகு இயந்திரம் போடுவது பாக் மாட் என்ற மலாய்க்காரர். அவர் கணக்கு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இரண்டு சிகரெட். யார் சொல்லிக்கொடுத்தாரோ, ஏன் என்று அவருக்கும் தெரியாது. ‘ஹாரி சப்து, பெலான் பெலான்’ என்பாராம். சனிக்கிழமை, மெதுவாக மெதுவாக. இன்று அவர் புது மேனேஜர் சொன்னபடி செய்வாரா, திவ்யாவின் கடிதத்தை அங்கே யாராவது படித்தார்களா, எங்களுக்குத் தெரியாது.

மேலே ஓர் இயந்திரம் உறுமியது.

அடுத்ததற்காகக் காத்திருந்தேன். காது வலிக்கும்படி காத்திருந்தேன். செசிலியக்காவின் உதடுகள் அசைந்தன. மணிகள் ஒவ்வொன்றாக விரலில் நகர்ந்தன. ஆற்றுச் சத்தம் கேட்டது, சேவல் கேட்டது, ஒரு மோட்டார் சைக்கிள் போனது. ஜெபமாலை முடிந்தது. அவர் அதைச் சுருட்டி மடியில் வைத்தார். அதற்கப்புறம்தான் இரண்டாவது உறுமல் வந்தது.

அவர் கையை எடுக்கவில்லை. நீருக்குள் விரலைப் பரப்பி, கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தார்.

“நடந்துக்கிட்டுத்தான் இருக்காங்க தம்பி” என்றார்.

பிறகு எழுந்து உள்ளே போய் எனக்குக் காப்பி கலந்தார். ஐஸ் போடட்டுமா என்று உள்ளிருந்தே கேட்டார். நிறைய போடுங்கக்கா என்றேன்.